மஞ்சள் எழுத்தில் வந்த எச்சரிக்கை

தை, செவ்வாய்க்கிழமை

இன்று சேகர் அண்ணனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எங்கள் செலியமேட்டில் வாய்க்கால் தண்ணீர் முறை யாருக்கு, எப்போது என்று விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்புகிறவர் அவர். அந்தச் செய்திகளை அனுப்பும் புரோகிராமை அவருடைய கம்ப்யூட்டரில் நிறுவி ஓட்டுவது, நானும் சில நண்பர்களும் பராமரிக்கும் டூல். அதிலிருந்த பழைய பாகம் ஒன்றை நேற்று நான்தான் நீக்கினேன். அது சீக்கிரம் நீக்கப்படும் என்று இரண்டு வருடமாக டூல் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை காட்டியாயிற்று, போதும் என்று நினைத்தேன். நேற்று மாலையே அண்ணனின் கம்ப்யூட்டர் தானாகப் புது டூலுக்கு மாறிவிட்டது. அந்தப் பழைய பாகத்தை நம்பியிருந்த புரோகிராம் ஓடவில்லை, செய்தி போகவில்லை. ராத்திரி வந்த கமலா அக்காவின் முறைத் தண்ணீர், சேதி தெரியாமல் அவர் மடை திறக்க வராததால் அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

"எச்சரிக்கை வந்துச்சே, பாக்கலையாண்ணா?" கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டேன்.

"இன்னாப்பா இது! மஞ்ச எழுத்து வந்தா கண்டுக்காதண்ணா, அது பாட்டுக்கு வரும்னு நீதான சொன்ன?"

சொன்னேன்தான். போன வருடம், டீக்கடையில். அன்றைக்கு எனக்கு ஏதோ அவசரம்.

கமலா அக்கா திட்டியிருந்தாலாவது தேவலை. "வுடுப்பா, மிஷினு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பாகத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவின் நெல் பால் பிடிக்கிற நேரம், இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் மணி பதராகிவிடும். அடுத்த முறைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.