நான் பார்த்ததாகச் சொன்ன கயிறு

மார்ச் 9, சனி

விமானத்திலிருந்து நான்கு குதிப்பு. முதல் மூன்றும் வழக்கம்போல. நான்காவதில் என்னோடு சேர்த்துக் கட்டியிருந்தது டோரீன் என்ற அம்மாள். எழுபத்தொரு வயது, பிள்ளைகள் கொடுத்த பிறந்தநாள் பரிசு. ஐயாயிரம் அடியில் பாராசூட் விரிந்ததும் இடப்பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. அதை அறுத்துவிட்டு, ஆபத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டைத் திறந்தேன். கரும்புத் தோட்டத்தை ஒட்டி உட்கார்ந்தவாக்கில் இறங்கினோம்.

"ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பாராசூட்டா!" என்று டோரீன் கைதட்டினார்.

எங்கள் தலைமைப் பயிற்றுநர் வாரன் ஜீப்பை நிறுத்தும் முன்பே கேட்டார். "என்ன பாத்த, ப்ரான்?"

"கயிறு குறுக்க விழுந்து கெடந்துச்சு," என்றேன்.

பொய். நான் மேலே பார்க்கவே இல்லை.

மார்ச் 10

பாராசூட் துணியின் மேல் கயிறு குறுக்கே விழுந்தால் சுழலும். அப்போது அறுத்துவிட வேண்டியதுதான், அது பாராசூட்டை மடித்துப் பையில் வைத்தவர் விட்ட பிழை. ஒரு பக்கத்து பிரேக் கைப்பிடி மட்டும் கழன்றாலும் சுழலும். அப்போது மறுபக்கத்தையும் கழற்றினால் போதும், நேராகிவிடும். எது என்று தெரிய அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நொடி வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துவதே நான்தான்! பதினோரு வருடம், நாலாயிரம் குதிப்பு — பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பாராசூட்டைக் கரும்புக்குள்ளிருந்து எடுத்து வந்தார்கள். எல்லாக் கயிறும் ஒரே சிக்கல். அதைப் பார்த்து இனி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மடித்தவர் ஏபி. ஃபிஜிக்காரர், ஆறு வருடமாக இங்கே மடிக்கிறார். ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை.

மார்ச் 11

என் இடது மணிக்கட்டில் கேமரா இருந்தது. ஓடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இன்று வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

டோரீன் சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே பாராசூட் முழுதாக, சுத்தமாக விரிகிறது. குறுக்கே ஒரு கயிறும் இல்லை. அதற்குள் என் இடது கை அவசரமாக மேலே போகிறது. கேமராவின் விளிம்பு பிரேக் கைப்பிடியில் மாட்டி அதைப் பிடுங்கி எடுக்கிறது.

ஆக, பார்க்காதது மட்டுமில்லை. கழற்றியதே நான்.

அழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 14

ரிசர்வ் காப்பாற்றினால் அதை மடித்தவருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது எங்கள் வழக்கம். என் ரிசர்வை மடித்தவர் வாரன். ரம் கொடுத்தேன், எல்லோரும் குடித்தார்கள். ஏபி வெளியே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மடிக்கும் வேலையை வாரன் நிறுத்திவிட்டார், இனி கொஞ்ச நாள் அவருக்கு அந்த வேலைதானாம்.

"ஏபி, வேனையாச்சும் ஒழுங்கா மடிச்சு வைப்பா!" என்று எங்களோடு குதிக்கும் காலெப் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 17

டோரீன் போன் செய்தார். "வீடியோ இல்லவே இல்லையாம்மா? எங்க கிளப்புல ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறா."

இல்லை என்றேன். இரண்டாவது முறை.

மார்ச் 20

மழை. குதிப்பு இல்லை. கொட்டகையில் ஏபி தனியாக ஒரே பாராசூட்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மடிக்கிறார். வாய் எதையோ முணுமுணுக்கிறது. நான் வேறு வழியாகப் போய்விட்டேன்.

மார்ச் 23

காலையில் கதவைத் தட்டினார்கள். ஏபியும் அவர் மனைவி லிதியாவும். ஏபி வெள்ளைச் சட்டை போட்டு, தேவாலயத்துக்குப் போகும்போது கட்டும் சுலு வேட்டியை இடுப்பில் கட்டியிருந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. இருவரும் தரையில் அமர்ந்தார்கள். ஏபி ஒரு கட்டு யங்கோனா வேரை, அவர்கள் ஊரில் இடித்துக் கரைத்துக் குடிப்பதை, என் முன்னால் வைத்தார். தப்பு செய்தவர் இப்படி வந்து வைப்பதும், எதிராளி கையால் தொட்டு வாங்கினால் அந்தப் பேச்சு அதோடு முடிவதும் அவர்கள் முறை.

"என் கை உன்னையும் அந்தம்மாவையும் கொல்லப் பாத்துச்சு, ப்ரான். மன்னிச்சுக்க."

"தப்பு உங்க மேலதான்னு அவ்வளவு உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டேன். இவ்வளவுதான் என் தைரியம்.

"ரெண்டு வாரமா மனசுக்குள்ளயே மடிச்சு மடிச்சுப் பாத்துட்டேன். எங்க விட்டேன்னு தெரியல. ஆனா நீ கண்ணால பாத்திருக்கியே."

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 24

வாரனிடம் கேமராவைக் கொடுத்தேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"கை மாட்டுறது யாருக்கும் நடக்கும். மேல பாக்காம பதறுறதும் நடக்கும். ஆனா தினமும் என் கண்ணு முன்னால அந்த மனுஷன் வேன் கழுவினானேடி!"

ஆளோடு சேர்ந்து குதிப்பது எனக்கு இனி இல்லை. எப்போது வரை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி பாராசூட் மடிக்கும் பாயில் உட்காரச் சொன்னார்.

மார்ச் 25

ஏபி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லிதியா கொதித்துவிட்டார். "அவருக்கு மரவள்ளிக்கெழங்குகூட தொண்டையில எறங்கல. தெரிஞ்சே கையால வாங்குனியா நீ?"

ஏபி கத்தவில்லை. "அப்போ என் கை?" என்றார்.

"சரியாத்தான் மடிச்சிருந்தீங்க."

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத விட உன் பேச்சத்தான் நம்பினேன்," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

ஏப்ரல் 6

வாரன் எல்லோரையும் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து ஏபி வேலைக்கு வரவில்லை; காலெப் அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டான். வேலைக்கு வரச் சொல்லி வாரனும் பேசினார். பார்க்கலாம் என்றாராம்.

ஏப்ரல் 13

வரவில்லை.

மே 18

ஏபி இன்று வந்துவிட்டார். எனக்கும் ஒரு தலையசைப்பு கிடைத்தது. பழைய இடத்திலேயே மண்டியிட்டு மடிக்க ஆரம்பித்தார். பத்து நிமிட வேலை, அரை மணி ஆயிற்று. பையை மூடும் முன் கை நின்றது.

"ப்ரான், இத வந்து பாரு."

ஆறு வருடத்தில் அவர் யாரையும் இப்படிக் கூப்பிட்டதில்லை. போய்ப் பார்த்தேன். கயிறுகள், இரண்டு பிரேக் கைப்பிடிகள், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன.

"சரியா இருக்கு, ஏபி."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் பையை மூடவில்லை. வெளியே விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. காலெப் எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

"இன்னொரு தடவ பாரு," என்றார் ஏபி.

மண்டியிட்டு, முதல் கயிற்றிலிருந்து மறுபடியும் பார்த்தேன்.