உன் படத்தில் இல்லாத மஞ்சள்

புதிய கணினித் திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது எங்கள் படக் கடை முழுக்க, அதைச் சுற்றி அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோமின் வாசனை. பழையது பழுதாகிவிட்டது. புதியதை மேசையில் வைத்ததும் நான் செய்த முதல் வேலை, உன் படத்தை அதன் பக்கத்தில் நிறுத்தியதுதான்.

நீ அறிந்த வழக்கம் அது. திரையில் தெரியும் நிறம் தாளில் அப்படியே வருவதில்லை. அதனால் நன்றாக அச்சான ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை திரையைத் திருத்துவோம். அந்தப் படத்துக்கு யாரை நிறுத்துவது என்று முதலாளி கேட்டபோது, என் பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த நீயே முன்னால் வந்தாய். “என் கறுப்பு சரியா வந்துச்சுன்னா கண்டியில எல்லார் நெறமும் சரியா வரும்” என்றாய். அரக்குச் சால்வை, கையில் ஒரு பச்சைக் கொய்யா, சிரித்து முடிக்காத வாய்.

எதிர்க் கடைச் சுவருக்கு மஞ்சள் அடித்தார்களே, அப்போது கெலிஓயாக் கல்யாண ஆல்பம் முழுவதும் நீலம் பாய்ந்து வந்தது. தெருவிலிருந்து வந்த முதலாளி மணமகன் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“இதென்ன புள்ள, மாப்பிளைக்கு நுவரெலியாக் குளிர் புடிச்ச மாதிரி ஈக்கிது?”

நான் அச்சு இயந்திரத்தைச் சந்தேகித்தேன். நீ படத்தோடு வாசல் படிக்குப் போனாய். “வெளிய வந்து பாருடி. உள்ள நம்ம கண்ணு பழகிப்போச்சு.” எதிர்ச் சுவரில் பட்ட வெயில் கண்ணாடிக் கதவு வழியே வந்து எல்லாப் படங்களின் மேலும் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. படத்தில் இல்லாத மஞ்சளை நாம் நாள் முழுக்கக் குறைத்திருக்கிறோம். அன்றே முதலாளி கதவுக்கு ஒரு சாம்பல் நிறச் சீலை மாட்டினார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, உன் கட்டிலருகே ஜன்னலில் மஞ்சள் சீலை தொங்கியது. ஈரல் கெட்டுவிட்டதாக உன் அம்மா நடைவழியிலேயே சொல்லியிருந்தார். இருந்தும் நான் நேராகப் போய் அந்தச் சீலையை ஒதுக்கினேன். மழை மேகத்தின் வெள்ளை வெளிச்சம் உன் மேல் விழுந்தது. நிறம் மாறவில்லை.

எதற்கு ஒதுக்கினேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

“சீலை இல்லடி, நாந்தான்” என்றாய். பிறகு, “மஞ்சள் கூடிப்போச்சு. இந்த மூஞ்சிய டெஸ்ட்டுக்கு வச்சிராத.”

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒன்றும் விளங்காமல் நம் இருவரையும் பார்த்தார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கிழமை தெல்தோட்டையில், உன் வீட்டில், முகத்துக்கு நிறையப் பவுடர் பூசிக் கிடத்தியிருந்தார்கள். அது எந்த நிறமும் இல்லை.

புதிய திரையை உன் படத்தோடு பொருத்திச் சில நாள் வேலை செய்தேன். இன்று காலை முதலாளி ஒரு கல்யாணப் படத்தோடு வந்தார்.

“புள்ள, இந்த மாப்பிளைக்கும் குளிர் புடிச்சீக்கி.”

சாம்பல் சீலை இருந்த இடத்தில்தான் இருந்தது. எதிர்ச் சுவர் இப்போது வெள்ளை. உன் படத்தை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போனேன். மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம். கொய்யா பச்சை. சால்வை அரக்கு. உன் கன்னத்தில் கறுப்பு, அதற்கு அடியில் கொஞ்சம் சிவப்பு. மஞ்சள் எங்கும் இல்லை.

நான் திரையைப் பொருத்தியது இந்தப் படத்தோடு அல்ல, கட்டிலில் பார்த்த முகத்தோடு. உன் படத்தில் இருப்பதாக நினைத்த மஞ்சளைத் திரையில் ஏற்றிவிட்டு, பிறகு ஊரார் முகங்களிலிருந்தெல்லாம் அதைக் குறைத்திருக்கிறேன்.

முதலிலிருந்து தொடங்கினேன். கொய்யா, பிறகு சால்வை. முகத்துக்கு வந்ததும் என் கண்ணை நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் உன் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

“வெளிய ஆரு புள்ள?” என்று முதலாளி கேட்டார்.

“ஒருத்தரும் இல்ல. வெளிச்சம் பார்க்கிறேன்.”

மத்தியானத்துக்கு மேல் திரையிலும் தாளிலும் ஒரே கறுப்பு வந்தது. மாப்பிளையைத் திரும்ப அச்சடித்தேன், குளிர் விட்டிருந்தது.

கட்டிலில் பார்த்த முகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் எந்தப் படத்தையும் உறையில் போடுமுன் வாசல் படிக்குக் கொண்டுபோகிறேன்.