நான் வெட்டிய ஐந்தாம் அத்தியாயம்

இன்று காலை ஓய்வூதியக் கடிதமொன்றுக்காக எங்கள் பழைய கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். களஞ்சிய அறையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் கிடந்த, பிரதி எடுக்கும் பழைய ரோணியோ இயந்திரத்தை இரண்டு பேர் முற்றத்துக்கு இழுத்து வந்தபோது அந்த மை வாசம் எழுந்தது. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்தது போன்ற வாசம். வந்த காரியத்தை மறந்து வேப்பமரத்தடி வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

நீ பெரியகல்லாற்றில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தாய். நான் தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன். ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதம், நாற்பது வயது தாண்டியும் விடவில்லை. சண்டை ஓய்ந்திருந்த ஒப்பந்த காலத்தில் உங்கள் ஊர் வாசகர் வட்டம் உன்னிடம் ஒரு சிறு புத்தகம் கேட்டது. உலகத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை. நீ யோசிக்கவே இல்லை, அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரைத் தெரிந்தெடுத்தாய். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற அவருடைய வசனத்தை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்தவள் நீ. தன் கல்லறையில் பொறிக்க வேண்டியவற்றை எழுதிவைத்தபோது, தான் சனாதிபதியாக இருந்ததை அவர் சேர்க்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் சொந்த மாமனைப் பற்றிச் சொல்வதுபோல் உன் முகம் மலரும்.

நீ எழுதுவது, நான் ஸ்டென்சில் தாளில் அடிப்பது, ரோணியோவில் பிரதி எடுப்பது என்று பேசிக்கொண்டோம். நான்கு அத்தியாயங்கள் விறுவிறென்று வந்தன. ஐந்தாவது பிந்தியது. கொழும்பிலிருந்து வரவழைத்த புத்தகங்களின் வழியே நீ அவருடைய வீட்டுக்குள் போயிருந்தாய். மலையுச்சியில் அவர் கட்டிய அந்த அழகான வீட்டை நூற்றுக்கணக்கான அடிமைகள்தான் தாங்கி நின்றார்கள். மனைவி இறந்தபின் அவர் மறுமணம் செய்யவில்லை. ஆனால் அந்த வீட்டின் அடிமைப் பெண் ஒருத்தி அவருக்குப் பிள்ளைகள் பெற்றாள். அவள் அவருடைய மனைவிக்குத் தகப்பன் வழியில் தங்கை. அவளுக்கு ஒரு படம்கூட இல்லை, அவள் கைப்பட எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பிள்ளைகளுக்கு விடுதலை கிடைத்தது. அவளுக்கு அவர் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. இதை வாசித்த கிழமை நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அம்மா என்னிடம் குறைப்பட்டார்.

நீ அதை அப்படியே எழுதினாய். வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், பெரிய மனிதர்களின் வீட்டுக்குள் ஏன் எட்டிப் பார்க்கிறாய் என்று உன்னைக் கேட்டார். நீ மறுத்துவிட்டாய். அதற்கு மறுகா அவர் என்னிடம் வந்தார். ஆயுதம் வைத்திருந்த தலைவர்களைப் பற்றி வாய் திறக்கும்முன் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் காலம் அது.

“ஆர நினைச்சு எழுதின எண்டு நாளைக்கு ஆராவது வந்து கேட்டா, அடிச்சுக் குடுத்த ஆளையும்தான் கேப்பாங்க,” என்றார்.

எனக்குப் பயம் பிடித்தது. ஆறாம் அத்தியாயத்துக்கு ஐந்து என்று இலக்கமிட்டு அடித்து முடித்தேன். நீ எழுதித் தந்த ஐந்தாம் அத்தியாயத்தை ஒரு பழைய சேலையில் சுற்றி அலுமாரியின் அடியில் வைத்தேன்.

கார்த்திகை மழைக்குள் நீ ஸ்டென்சில்களைப் பிழை பார்க்க எடுத்துப்போக வந்தாய். என் மேசை முன்னால் நின்றபடியே புரட்டினாய். வெட்டிப்போட்டாயா என்று கேட்டாய். உன் நன்மைக்குத்தான் என்றேன். நீ சத்தம் போடவில்லை.

“அடிமை யாவாரத்தக் கண்டிச்சு அந்த மனிசன் எழுதின பந்தியையும் சபையில இரிந்தவங்க வெட்டித்தான் போட்டாங்க. ஒற்றுமைக்காம். நீயும் அவங்களோட போய் இரிந்துக்க, புள்ள.”

ஸ்டென்சில்களை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே இறங்கிப் போனாய். ஐந்தாம் அத்தியாயத்தை நீ கேட்கவில்லை, நானும் தரவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் பேசவில்லை.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. வாவிப் பக்கத்திலிருந்த எங்கள் தன்னாமுனை தப்பியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த உன் ஊரில் தண்ணீர் வீடுகளை ஏறி மிதித்துப் போனது. உன்னை வாவிக்குள் தோணிக்காரர் ஒருவர் மயிரைப் பிடித்துத் தூக்கினாராம். உன் கையிலிருந்து அம்மா நழுவிவிட்டார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நீ இருப்பதாக நான்காம் நாள் கேள்விப்பட்டு வந்தேன். உன் இரண்டு உள்ளங்கைகளிலும் முள்ளுக்கம்பி கிழித்த காயம். யாரோ தந்த, உனக்குப் பெரிதான சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன். அன்று முழுக்க நீ பேசியது அம்மாவைக் கண்டெடுத்த இடத்தைப் பற்றி மட்டும்தான்.

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் ஒருநாள், உன் கொப்பிகள், புத்தகங்கள், ஸ்டென்சில்கள் எல்லாம் போய்விட்டன என்றாய். மறுநாள் அலுமாரியின் அடியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து வந்து உன் மடியில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், வாய் வரவில்லை. நீ ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தாய்.

“இதுல தண்ணி படல்ல,” என்றாய்.

மறுபடி எழுதத் தொடங்கினாய், நிவாரணப் பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில். இந்த முறை புத்தகம் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கியது. அப்படியானால் அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டேன். அந்த வசனம் அதை எழுதிய ஆளைவிடப் பெரிது என்றாய். பிற்காலத்தில் அடிமைகளின் பிள்ளைகள் அதையே கையில் எடுத்து அவருடைய நாட்டைக் கேள்வி கேட்டார்கள், அவர் விட்டுப்போன சொத்து அதுதான் என்றாய்.

மறுகா சண்டை திரும்ப வந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோடு எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தது. கதிரவெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணை நான் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஒருநாள் நீ வந்திருந்தபோது, “கதிரவெளி, தேத்தண்ணி கொண்டா” என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். நீ என்னைப் பார்க்கவில்லை. தேநீரை வாங்கிக்கொண்டு அவளிடம் கேட்டாய்.

“உன்ட பேர் என்ன, புள்ள?”

“தங்கேஸ்வரி.”

“இரி தங்கேஸ்வரி,” என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினாய். அவள் என்னைப் பார்த்தாள். அவள் என் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியிருந்தது. அன்றுதான் நானும் அந்தப் பெயரைக் கேட்டேன். அவளுடைய புருசன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை என்பதையும் நீ பேச்சுக் கொடுத்ததில்தான் அறிந்தேன். நீ போனபின் வெகுநேரம் குசினிக்குள் போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன வைகாசியில் நீ படுக்கையில் இருந்தாய். வயிற்றுக்குள் வளர்ந்ததைக் கொழும்பு வைத்தியர்கள் பிந்தித்தான் கண்டுபிடித்தார்கள். தெருவில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. நீ கண்ணைத் திறந்து, வடக்கில் செத்தவர்களின் பெயரையெல்லாம் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாய். நான் தெரியாது என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாய்.

உன் தலைமாட்டிலிருந்த, நீ எழுதி முடித்த தாள்களின் கட்டை உன் தம்பி என்னிடம் தந்தான். வாசகர் வட்டம் அப்போது இல்லை, தபாலதிபரும் இல்லை. ஒரு சொல் குறைக்காமல் முழுவதையும் நானே அடித்துப் பிரதி எடுத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை. நான் அத்தனை பயந்த கேள்வி வரவேயில்லை.

அந்தக் கட்டின் முதல் தாளில் நன்றி என்று தலைப்பிட்டு நீ ஒரேயொரு வரி எழுதியிருந்தாய். இந்தப் புத்தகத்தின் அத்தியாயம் ஒன்றைக் கடலிலிருந்து காப்பாற்றித் தந்த என் சிநேகிதிக்கு என்று. அதை அடிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது. அது உண்மையில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் உன் எழுத்தில் இனி ஒரு வரியும் வெட்டுவதில்லை என்று நினைத்திருந்தேன். அதனால் அடித்தேன்.

எத்தனையோ பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அந்த வரியை வாசித்திருப்பார்கள். நீ எனக்குப் போட்ட பிச்சை அது. இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன், இறக்கி வைக்க மனமில்லை. ஆனாலும் உனக்காவது ஒருமுறை எழுதிவைக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தை நான் காப்பாற்றவில்லை. பயந்து ஒளித்து வைத்திருந்தேன்.