விசில் ஊதிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் உன் மருமகளும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அது உண்மை. ஆனால் வீட்டில் மூன்று பேரும் பயந்துபோய் இருக்கிறோம். போனில் சொல்லலாம்தான். ஹாக்கி என்று வாயெடுத்தாலே நீ அங்கே மழையா வெயிலா என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதுவும் போக, இப்போது எங்கள் வீட்டுப் போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. எடுத்தால் கெட்ட வார்த்தை. பேசுகிறவன் யாரென்று தெரியாது, ஆனால் அவனுக்கு நம் வீட்டு அடையாளம் எல்லாம் தெரிகிறது.

கிளப்புக்கு இது எழுபத்தைந்தாவது வருஷம். புது மைதானத்து வாசல் சுவரில் பதினோரு பேருடைய படம் மாட்டப்போகிறார்கள். இத்தனை வருஷத்தில் இந்த அணிக்கு யார் முக்கியம் என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். கிளப் செயலாளர், ரிட்டையர் ஆன விளையாட்டு நிருபர் ஒருவர், மூன்றாவது ஆள் உன் அத்தான். வேண்டாம் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று பழகிய மனுஷன், எதற்கும் நகரமாட்டார். கிளப்பில் அவருக்கு ‘கதவு’ என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

முதலில் எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் போனது. சாயந்திரம் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து எனக்குக் கதை சொல்வார். ஹாக்கி மட்டையைக் கையால் தொடாத மருந்துக்கடைக்காரருக்கு ஒரு இடம் கொடுத்தார்கள். கிளப்பை மூடவேண்டிய நிலை வந்தபோது வீடு வீடாக ஏறி இறங்கிக் காப்பாற்றியவர் அவர்தான். முதல் கோச்சுக்கு ஒரு இடம். செயலாளர் தன் அப்பா பேரை நுழைக்கப் பார்த்ததையும், நிருபர் இருமியே அதை விரட்டிவிட்டதையும் சொல்லி உன் அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு ‘சாட்டை’யின் பேர் வந்தது.

உனக்குத் தெரியாததை நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நம் அணி ஜெயித்த ஒரே ஒரு கோப்பை, அந்த ஃபைனலில் இரண்டு கோலையும் போட்டது சாட்டை. இன்றைக்கும் வாடகை வண்டிகளின் முதுகில் அவர் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஃபைனலுக்கு முந்தின வாரம், உன்னைக் கேப்டன் என்று அறிவித்த அன்றைக்கு, பெனால்டி கார்னர் பயிற்சியில் அவர் அடித்த பந்து உன் இடது கண்ணைக் கொண்டுபோனது. விசில் ஊதியாயிற்று, எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள், தம்பி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டான், அதற்கப்புறம்தான் சாட்டை பார்த்து அடித்தான் என்று கோலில் நின்ற உன் அத்தான் விசாரணையில் சொன்னார். விசில் ஊதவில்லை, அவசரப்பட்டுக் கழற்றினது என் தப்பு, அது விபத்து என்று நீ சொன்னாய். உன் பேச்சைத்தான் நம்பினார்கள். அடிபட்டவனே சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? உன் அத்தான் ஊர் வாயில் பொறாமைக்காரர் ஆனார். நீ ஊரைவிட்டே போனாய்.

குழுவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “அவன் ஆட்டத்தைப் பத்தி எனக்கு ஒரு கேள்வியும் இல்ல. ஆனா அந்தச் சுவத்துல அவன் படம் இருந்தா அதுல என் கையெழுத்து இருக்காது.” மற்ற இரண்டு பேரும் அங்கே தலையாட்டிவிட்டார்கள். வெளியே வந்ததும் செயலாளர், நான் என்ன செய்ய, கதவு ஒரே பிடியாக நிற்கிறான் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். பேப்பரில் வந்துவிட்டது. மச்சினனுக்காகப் பழி தீர்த்துக்கொண்டான் என்று ஊரே பேசுகிறது.

டிரைவிங் ஸ்கூல் காரின் டயர்களைக் கிழித்துப் போட்டார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நேற்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. உன் மருமகள் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உன் அத்தான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். கையில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

நீ பயப்படாதே. எழுத ஆளில்லாமல் உனக்கு எழுதிவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

முந்தின கடிதம் கிடைத்திருக்கும். பதில் வருவதற்குள் மறுபடி எழுதவேண்டியதாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான். உன் மருமகள் பேங்க் வேலைக்குப் போயிருந்தாள். தெருவில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருக்கிறோம், அதன் ஓரமாகப் பார்த்தேன். சாட்டை. டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து நம் கேட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் ஹாக்கி மட்டை. தலை முழுக்க நரைத்துவிட்டது, முட்டி மடங்கவில்லை, காலை நீட்டித்தான் உட்காருகிறார். ஆனால் அந்தத் தோள் அப்படியேதான் இருக்கிறது.

கதவைப் பூட்டி, தாழ்ப்பாள் போட்டு, சாப்பாட்டு மேஜையையும் இழுத்து முட்டுக்கொடுத்தேன். உன் அத்தானுக்குப் போன் செய்தேன். மிச்சமிருந்த ஒரே மாணவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அவர் வந்து சேர்ந்தார். பாவம் அந்தப் பெண், தெருவில் இருந்த ஆளைப் பார்த்ததும் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே போய்விட்டாள். இவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவர் உள்ளே வந்து, மேஜையை ஏன் இங்கே போட்டாய் என்று என்னைக் கேட்டார். போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். “தெருவுல சேர் போட்டு உக்கார்றது குத்தமா?” என்றார். சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

மறுநாளும் சாட்டை வந்தார். அதற்கு மறுநாளும். உன் மருமகள் பின்பக்கச் சந்து வழியாக வேலைக்குப் போய் வந்தாள். நான் துணி காயப்போடக்கூட வாசலுக்குப் போகவில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார்த்து இவ்வளவு நடுங்கமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திட்டினால் திட்டு என்று தெரியும். இது என்னவென்றே தெரியவில்லையே.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பைக்குகளில் ஒரு கும்பல் வந்தது. கத்தல், ஹாரன். ஒருவன் கையில் கல் இருந்ததை நானே பார்த்தேன். சாட்டை மட்டையை ஊன்றி மெதுவாக எழுந்தார். பையன்கள் அவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். தலைவரே தலைவரே என்று சுற்றிக்கொண்டு ஒருவன் படம் எடுக்க செல்போனை நீட்டினான். சாட்டை அதைக் கையால் தள்ளிவிட்டு, “இந்த வீட்டு மேல கல்லு விழணும்னா அது என் மேல பட்டுட்டுத்தான் விழும். போய்ச் சொல்லுங்கடா” என்றார். எங்களுக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னமாதிரி இல்லை. பையன்கள் முழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லது செய்கிறவர் எதற்காகச் செய்கிறார் என்று தெரியாவிட்டால் அதுவும் பயம்தான். மறுநாள் நானே கேட்டைத் திறந்துகொண்டு ஒரு செம்பு தண்ணீரோடு போனேன். உன் அத்தான் நிலைப்படியிலேயே நின்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, “தங்கச்சி, தம்பி எழுதுறானா?” என்று கேட்டார். நான் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். “கதவு சொன்னதுதான் நிஜம். விசில் ஊதிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு. அவனைக் கேப்டன் ஆக்கிட்டாங்களேன்னு வெறி. பார்த்துத்தான் அடிச்சேன். கண்ணுல படும்னு நினைக்கல, ஆனா பார்த்துத்தான் அடிச்சேன்.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ அவர் கையைப் பிடித்து, “நான் விபத்துன்னு சொல்லிடுறேன், நீ இல்லாம ஃபைனல் ஜெயிக்க முடியாது, போய் ஆடு” என்று சொன்னாயாமே. கட்டுப்போட்ட முகத்தோடு. இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே தம்பி. ஒரு கண்ணு போதும்க்கா, உன் சமையலைப் பார்க்க அதுவே அதிகம் என்று என்னைச் சிரிக்கவைத்துவிட்டுத்தானே விமானம் ஏறினாய்.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நடக்கிற கிளப் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறாராம். ஆனால் அப்படிச் சொன்னால் நீ பொய் சொன்னவன் ஆகிவிடுவாயே என்று தயங்குகிறார். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உள்ளே வந்ததும் உன் அத்தானிடம், நான் என்ன எழுத என்று கேட்டேன். “அது அவன் கண்ணு. அவன் என்ன சொல்றானோ அதுதான்” என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சீக்கிரம் பதில் போடு. என்னால் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு திரியமுடியவில்லை.

உன் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. கடிதம் தாமதமாகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். கூட்டம் நடந்து முடிந்துவிட்டது.

நீ பேப்பரில் பார்த்துப் பதறக்கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் அத்தானுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறார்.

கிளப் ஹாலில் நிற்க இடமில்லை. நானும் உன் மருமகளும் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தோம், ஓடவேண்டி வந்தால் ஓடுவதற்கு. செயலாளர் பட்டியலை வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூச்சல். மருந்துக்கடைக்காரர் பேருக்குக்கூடக் கூச்சல், பாவம், செத்துப்போன மனுஷன். அப்போது சாட்டை எழுந்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. அது ஓய்கிறவரை நின்றார். “அவன் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஆனா கதவு வீட்டு மேல கல்லு விழறத இனிமே பார்க்க முடியாது. அதனால சொல்றேன்” என்று ஆரம்பித்து, என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடைசியில், “அந்தக் கோப்பையை ஜெயிச்சது நான் இல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கையில கிடந்தவன்” என்று முடித்தார்.

அந்த அமைதி இருக்கிறதே, கூச்சலைவிட அதுதான் எனக்குக் கிலி. யாரோ, கதவுதான் மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறான் என்றான். இன்னொருவன், எங்கள் கோப்பையைக் கேவலப்படுத்தாதே என்று சாட்டையைப் பார்த்தே கத்தினான். தலைவரே என்று நேற்றுவரை கூப்பிட்ட வாய். ஒரு இரும்பு நாற்காலி பறந்து வந்தது, அவர் முகத்துக்கு நேராக. அவர் குனியவே இல்லை. பட்டால் படட்டும் என்று நின்றாரோ என்னவோ. உன் அத்தான் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. மட்டையும் இல்லை, பேடும் இல்லை. வெறுங்கையால் தடுத்தார். நாற்காலி கையில் பட்ட சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு எங்களை டிரைவிங் ஸ்கூல் காரில் ஏற்றிக்கொண்டு போனது சாட்டைதான். கட்டுப்போட்டு வெளியே வந்ததும் உன் அத்தான், “கிளட்ச்சை அப்படி மிதிக்காதே, போயிடும்” என்றார். அவர் சரி என்றார். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

படம் மாட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்து அப்படியே விட்டிருக்கிறார்கள். உன் படத்தை முதலில் மாட்டவேண்டும் என்று நிருபர் சொல்கிறார், வேறு சிலர் அடிக்க வருகிறார்கள். இப்போது கல் விழுவது சாட்டையின் வீட்டில். அவர் மனைவி நேற்று எனக்குப் போன் செய்து, “நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?” என்று கேட்டாள். கதவுக்கு மேஜையை முட்டுக்கொடு என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

இப்போது எல்லோரும் உன் வாயைத்தான் பார்க்கிறார்கள். நிருபர் உன் முகவரி கேட்டார், நான் கொடுக்கவில்லை. விபத்துதான் என்று நீ மறுபடி சொன்னால் இங்கே இரண்டு பேர் பொய்யர்கள் ஆவார்கள். இல்லை என்று சொன்னால், நீ எதைக் கொடுத்து அந்தக் கோப்பையை வாங்கினாயோ அதை ஊரார் கூறுபோட்டுப் பேசுவார்கள். எது வந்தாலும் எனக்குப் பயம்தான். அதனால் எதையும் எழுது என்று உன்னை நான் கேட்கப்போவதில்லை.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. மைதானம் பக்கம் போகவேண்டாம், யாரையும் பார்க்கவேண்டாம். உன் அறையில் இன்னும் கட்டில் இருக்கிறது. உன் மருமகளுக்கு நீ போட்டோவில் இருக்கிற மாமா மட்டும்தான். உன் அத்தானால் ஒரு கையால் சட்டை பொத்தான்கூடப் போடமுடியவில்லை, என்னையும் போடவிடமாட்டேன் என்கிறார். நீ வந்தால் விடுவார்.

எந்தத் தேதி என்று மட்டும் சொல். விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம். எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னொருவரும் நிற்பார், வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைப் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் உன் இஷ்டம்.

எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் நீ.

உன் அக்கா