கொள்ளு மிதித்த இரண்டு டர்போ

பிப்ரவரி 1, 1984. புதன்
காலையில் நல்ல பனி. பிளக் சுத்தம், ஆயில் மாற்றம். முதலாளியின் மணிமங்கலம் தோட்டத்து ஷெட்டில் இரண்டு டர்போ கார்கள்: சிவப்பு ஜெர்மன், வெள்ளை ஜப்பான். ஒன்றுதான் இருக்கலாம் என்பது அவர் வீட்டம்மா உத்தரவு. மற்றது விலைக்குக் கேட்டிருக்கும் ஒரு பம்பாய்க்காரருக்கு.

"எத வெச்சுக்கணும்னு நீயே சொல்லு அருளு. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

மெக்கானிக்குக்கு இப்படி ஒரு மரியாதை! என் மனசு அப்போதே சொல்லிவிட்டது. சிவப்பு.

பிப். 2, வியாழன்
ஜெ.: இன்ஜின் பின்னால். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று வரை பரம சாது. அப்புறம் டர்போ பிடித்தால் முதுகில் ஓர் உதை. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.
ஜ.: இன்ஜின் முன்னால். பதமான இழுப்பு. ஏ.சி. ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

ராத்திரி சாப்பாட்டில் என் பெண்டாட்டி ரெஜினா: "கொழம்புல உப்பு போட மறந்துட்டேன். அதுகூட தெரியல உனக்கு. செவப்பியப் பத்தியே பேசிகினு கீறே!"

சோப்பு வாங்க மறந்தாயிற்று.

பிப். 3, வெள்ளி
ஒரகடம் ரோடு. முதலாளி வெள்ளையில், நான் சிவப்பில். சேரப்பணஞ்சேரி தாண்டி ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று பரப்பியிருக்கிறார்கள். முதலாளி பிரேக் போட்டார். முறத்தோடு ஓர் அம்மா ஓடி வந்தாள்.

"இன்னாத்துக்கு நிக்கிறே? ஏறிப் போ சாமி. காலைலேர்ந்து ஒரு லாரி இல்ல."

முதலாளி முழித்தார். ஏறினார். திரும்பி வந்து மறுபடியும் ஏறினார். ஐம்பது வயசு மனிதருக்கு வாயெல்லாம் பல். நானும் சேர்ந்தேன். ஆளுக்கு ஆறு நடை.

முறத்தம்மா: "வெள்ள வண்டி தேவல. செவப்பு பொக வுடுது பாரு!"

சிவப்பின் சூடான புகைக் குழாயில் செடி சிக்கிப் புகைச்சல். கீழே படுத்துப் பிடுங்கினேன். திரும்பும்போது டர்போ பிடித்ததும் இன்ஜினில் டொக் டொக். நம் ஊர் பெட்ரோல் அதற்கு ஆகவில்லை. அந்தச் சத்தம் நேற்றே காதில் விழுந்தது. இந்த டைரியில் எழுதவில்லை.

பிப். 4, சனி
வேலை ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டால் சிவப்பு இங்கேயே, என் கையில். ஆனால் நம் பெட்ரோலில் ஆறு மாதத்தில் பிஸ்டன் ஓட்டை. பம்பாய்க்காரரிடம் ரேஸ் பெட்ரோல் உண்டாம். அங்கே நன்றாக இருக்கும். பாவி மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

பிப். 5, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து நேராகத் தோட்டம். சொல்லிவிட்டேன்: வெள்ளை.

"உனக்கு செவப்புதானேடா புடிக்கும்?"
"ஆமா சார். அதனாலதான் சொல்றேன்."

முதலாளி சிவப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, "லாரில ஏத்தினா குலுக்கியே கொன்னுடுவானுங்க. பம்பாய்க்கு யாராவது ஓட்டிகிட்டுப் போகணுமே..."

அவர் முடிக்கும் முன்னே, நான் சார், நான்!

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக. ரெஜினா: "எத்தினி நாளு?"

வேகம் எடுத்தால் இன்ஜின் தட்டும். மெல்ல உருட்டிக்கொண்டுதான் போகணும். நாலு நாள் என்றேன்.

"எத்தினி சீட்டு அதுல?"
"ரெண்டு."

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். கல்யாணப் புடவை முதலில் உள்ளே போகிறது.