எலி தின்ற கபன்

அன்புள்ள வாப்பாவுக்கு, அலியாரின் ஸலாம். உங்கள் முட்டிவலியும் உம்மாவின் சுகரும் எப்படி இருக்கின்றன?

எய்ட்ஸ் என்று என்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது, ஹஜ்ஜில் ஜம்ஜம் நீரில் நனைத்து உங்களுக்கென வைத்திருந்த வெள்ளைக் கபன் துணியை, என்னை அடக்க உதவுமென்று என் பெட்டியில் வைத்தீர்களே, அதை எலி தின்றுவிட்டது. அன்று பக்கத்துக் கட்டிலில் கிடந்த நயினார்கோவில் நாகநாதன் சிரிக்கிறார்: “ஏலே அலியாரு, நீ இத உடுத்த மாட்டன்னு எலிக்கே தெரிஞ்சுபோச்சு!”

அப்போது வார்டில் வாரம் தவறாமல் யாராவது மௌத்தாகிப் போவார்கள். மாத்திரை வந்தபின், அன்று மூச்சுக்குத் தவித்தவர்கள் இன்று என் டீக்கடையில் சர்க்கரை போதவில்லையென்று சண்டைக்கு வருகிறார்கள்.

பெருநாளுக்குக் கட்டம்போட்ட கைலி வேண்டும். பெரிதாக எடுங்கள், தொப்பை விழுந்துவிட்டது. தபாலில் வேண்டாம், ஒரு தடவையாவது நீங்களே கொண்டுவாருங்கள்.

கடையில் கத்துகிறார்கள், முடிக்கிறேன். வெள்ளைத்துணி மட்டும் வேண்டாம் வாப்பா.

உங்கள் மகன்,
அலியார்