கண் தெரியுமுன் அவிழ்ந்த படகு

அலைவாய் நாட்டின் கடலும் கரையும் வாழ்க. பவழ அரியணைக்குரிய அரசி மணிமாலினி, அரண்மனை வலைப்பக்கக் காரியம் பார்க்கும் பெருங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உம் இல்லத்தார்க்கும் அலுவலகத்தார்க்கும் நலம் உண்டாகுக. அரசியின் ஏனைய பட்டங்கள் இதில் எழுதப்படவில்லை. அவற்றைப் படித்து முடிக்கும் வரை எவரும் காத்திருக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

அரச முகத்தைக் கண்ட பின்னரே அரச சொல்லைக் கேட்பது இந்நாட்டு வழக்கம். அதன்படியே வலைப்பக்கத்திலும், முடிசூடிய அரசியின் படம் முழுதாக விரிந்து சங்கொலி எழுந்த பிறகே எழுத்துகள் தோன்றுமாறு நீர் அமைத்தீர். அரண்மனையில் அது இமைப்பொழுதில் திறந்தது, அரசியும் மகிழ்ந்தார். சிக்னல் நிலையாக நில்லாத வடதுறையில் அந்த ஒரு படம் வந்துசேர உலையில் அரிசி வெந்துவிடும் என்பதை எவரும் நினைக்கவில்லை.

வடதுறையைப் புயல் தாக்கிய அன்று அப்பக்கத்தில் படத்துக்குக் கீழே இருந்தது ஒரே வரி: படகை அவிழ்க்காதீர், குன்றேறுங்கள்.

துக்கம் கேட்க அரசி வடதுறைக்குப் போனார். படகைக் காயலுக்குள் சேர்த்துவிட எண்ணிப் போய்த் திரும்பாத மருதப்பனின் மனைவி செல்லி, அழாமல், பாய் விரித்து உட்காரச் சொன்னாள். பிறகு அவன் தன்னிடம் கொடுத்துப்போன போனைக் காட்டினாள்.

"கிரீடம் வந்துச்சு, நெத்தி வந்துச்சு. கண்ணு வரங்காட்டியும் அவரு படக அவுத்துட்டாரு தாயே. ஒங்க மொகத்த முழுசாப் பாக்க அவருக்குக் குடுத்து வைக்கல."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அரசியால் தாங்கியிருக்க முடியும்.

ஒரு பக்கம் திறக்க மனிதர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பர் என்று அரசி திரும்பி வந்து உம்மிடம் கேட்டபோது, மூன்று மூச்சு விடும் நேரம் என்றீர். மக்களுக்குப் பொறுமை போய்விட்டது என்றும் சொன்னீர். அரசி தன் வாயிலில் மக்கள் காத்து நிற்பதை இதுவரை அன்பென்றே எண்ணியிருந்தார். விலகிப்போக வழியில்லாமல் நின்றார்களோ என்ற எண்ணம் அன்று வந்தது; இன்னும் போகவில்லை. கண்ணாடி பார்க்கும்போதும் நெற்றிக்குக் கீழே பார்வை இறங்க மறுக்கிறது.

ஆகவே ஆணை: படமும் சங்கொலியும் நீங்குக. சொல் முதலில் வருக. சொல் மட்டுமே வருக. அது திறக்கிறதா என்பதை வடதுறைப் படிக்கட்டில் நின்று பாரும். செல்லி இனி அப்பக்கத்தைத் திறக்கப்போவதில்லை, ஆயினும் செய்க.

அரச முகம் பொறித்த இலச்சினை இவ்வோலையில் இடப்படவில்லை. அரசியின் பெருவிரல் ரேகை மட்டும் இடப்பட்டது.